மனைவியின் மேல் விழும் பழி

சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தார், எச்.ஐ.வி. கிருமி தென் மாநிலங்கள் சிலவற்றில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கணிக்கும் பொறுப்பை மேற்கொண்டு, பொது ஜனங்களின் நிலையை அறிய நாடுவது, பிரசவத்துக்கு முன் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளின் இரத்தத்தையே.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் புலப்பட்டதும் பெண்களின் இரத்தத்தில்தான். 1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் யோசனைப்படி, அவருடைய மாணவி நிர்மலா, அரசாங்கக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளரிடம் இரத்தம் எடுத்து, அதைத் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே பத்திரப்படுத்தி, பின்பு ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் கொண்டுபோய் வேலூரில் சோதித்தபோது, ஆறு பேரிடம் கிருமி இருப்பது தெரியவந்தது. அவர்களிடம் வந்துபோன ஆடவர் தத்தம் இல்லங்களில் கௌரவமாகவே இருந்தனர். கிருமி கண்ட பெண்களோ காப்பகத்திலேயே அடைபட்டிருந்து, பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, 1990-இல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியே வந்தார்கள்.

விலைமாதரின் வியாதி என்று ஊரார் ஒதுக்கிவைத்த இந்நோய், குடும்ப ஸ்திரீகளை அதற்குள் அடைந்துவிட்டிருந்தது. சுனிதியும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கிருமி கண்ட 134 பெண்களில் நூற்றுக்கு 88 பேர் ஒருவனையன்றி வேறு ஆடவனை அறியாதவர்கள். எனினும், தமிழகத்தில் நம்பிக்கை மையம் என்று வழங்கும் பரிசோதனை அறைக்குக் கர்ப்பிணியே முதலில் செல்வதால், நோயை முதலில் அறிபவள் மனைவியாகிறாள். முதலில் அறிந்தவளே அதைக் கொண்டுவந்தவள் என்று புகுந்த வீடு தீர்மானித்துவிடுகிறது. கணவன் இறந்துவிட்டாலோ, ‘புருஷனை முழுங்கினவள்’ என்ற அபவாதத்தோடு, சொத்தில் பங்குமின்றி, கைக்குழந்தையுடன் பிறந்தகம் திரும்ப வேண்டியதுதான். இது பெரும் அநீதி.

உலகெங்கும் இக்கிருமியோடு வாழ்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். மணமான சிறிது காலத்துக்குள் கணவர் வழியே நோய் கண்ட நாமக்கல் கௌசல்யா, இத்தகைய பழிக்கு அஞ்சி ஒளிந்து வாழாமல், தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டி 1998-இல் சங்கம் அமைத்தார். 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையில் கிருமியை அடக்கும் கூட்டு மருந்தும் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிற்று. இம்மருந்தை இடைவிடாது உட்கொண்டு, கிருமி சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், தாம்பத்திய உறவில் அது தொற்றுவதில்லை. கர்ப்பிணி உரிய காலத்தில் உட்கொண்டால், குழந்தைக்குத் தொற்றுவது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே குறைகிறது.

ஆதலால், மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் கணவன்மார் வெளியே பெஞ்சியில் காத்திராமல், உடன் சென்று தாமும் இரத்தம் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சோதனை இலவசம். முடிவு இரகசியமாகவே வைக்கப்படும். சந்தேகமிருப்பின் 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம்.