அயல்நாட்டுப் பிரயாணிக்கு உதவும் கைப்பேசிச் செயலிகள்

அயல்நாடு செல்லும் பிரயாணிகள் வழிகாட்டும் செயலி, மொழிபெயர்க்கும் செயலி, ஆபத்தை அறிவிக்கும் செயலி ஆகிய மூன்றையும் கைப்பேசியில் கொண்டுசெல்வது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் இவை மூன்றும் ஒரே விதமாக இயங்குவன அல்ல. இணைய இணைப்பு அறுந்துபோனால் எது உதவும், எது உதவாது என்பதை முன்னரே அறிந்திராதவர் இக்கட்டான வேளையில் திகைக்க நேரும். ஜப்பான் செல்லும் ஒரு பிரயாணியை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்கலாம்.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ரேடியோ அலைகளை இடைவிடாது அனுப்புகின்றன. கைப்பேசி அவற்றைப் பெறுகிறதேயன்றி, அவற்றிற்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு அது தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. இதற்கு இணையம் தேவையில்லை, தேசப்படமே தேவை. படத்தை முன்னரே பதிவிறக்கம் செய்யாவிடில், வெற்றுத் திரையில் ஒரு புள்ளி மட்டுமே தோன்றும். ஆர்கானிக் மேப்ஸ் என்னும் செயலி, பதிவிறக்கிய படத்தைக் கொண்டு இணைப்பின்றியே நடைவழியைக் காட்டவல்லது. இணைப்பில்லாதபோது முதற் கணிப்பிற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அப்போது திறந்த வெளியில் நிற்பது நலம்.

கூகுள் டிரான்ஸ்லேட் செயலியில் ஜப்பானிய மொழித் தொகுப்பை முன்னரே சேர்த்துக்கொண்டால், இணைப்பின்றியும் சொற்களை மொழிபெயர்க்கலாம். ஆயினும் ஒவ்வாத மருந்து, ஒவ்வாத உணவு போன்ற உயிருக்குரிய செய்திகளை இயந்திரத்திடம் விட்டுவிடலாகாது. அம்மொழி அறிந்தவரைக் கொண்டு அவற்றைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பூகம்பம், சுனாமி ஆகியவற்றைப் பல மொழிகளில் எச்சரிக்கும் சேஃப்டி டிப்ஸ் செயலி, ஜப்பான் சுற்றுலா முகமையின் மேற்பார்வையில் வெளியிடப்பட்டதாகும். பூகம்பத்தில் விரைவாகச் செல்லும் முதல் அலைகளைக் கருவிகள் உணர்ந்தவுடன் எச்சரிக்கை புறப்படுகிறது; கடுமையாகக் குலுக்கும் அலைகள் பின்னரே வந்தடைகின்றன. இடையில் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் சில வினாடிகளே. பூகம்பம் தோன்றிய இடத்திற்கு மிக அருகில் அதுவும் கிடைக்காமற் போகலாம். இச்செயலி தொடர்பின்றிப் பயன்படாது.

ஆகவே, புறப்படுமுன் இணைய இணைப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு செயலியையும் திறந்து சோதித்தல் அவசியம். ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு ஓர் எளிய பரிசோதனையாகவே செய்து காட்டலாம். தங்குமிடத்தின் முகவரியையும், ஜப்பானில் போலீசாருக்குரிய 110, ஆம்புலன்ஸ் மற்றும் தீயணைப்புப் படைக்குரிய 119 ஆகிய எண்களையும் ஒரு தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் அவசியம். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தபோதும் அத்தாள் பயன்படும்.