மாத்திரைக்கும் அறுவைக்கும் நடுவே

மாதவிடாய் வலிக்கு இரண்டே வழிகள்தான் இருப்பதுபோல நடந்துகொள்கிறோம். வயது குறைவென்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார். நாற்பதை நெருங்கிவிட்டால் கர்ப்பப்பையை எடுத்துவிடு. இந்த இரண்டுக்கும் நடுவே உடற்பயிற்சி, பிசியோதெரபி என்றொரு படி இருக்கிறது. அதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு, செலவு குறைவு, அரசுத் திட்டத்திலேயே அதற்கு இடமும் உண்டு. ஆனால் காஞ்சிபுரம் மாதிரி வீட்டுக்குள்ளேயே தறி போட்டு நெய்கிற ஊரில் அந்தப் படியைப் பற்றிப் பெண்களிடம் பேசுகிறவர்கள் குறைவு. 2012-ல் ‘புதுயுகம்’ என்ற பெயரில் கிராமப்புற வளரிளம் பெண்களுக்குத் தமிழக அரசு இலவச நாப்கின் கொடுக்கத் தொடங்கியது. சுத்தத்தைப் பற்றிப் பேசுவதில் இருந்த கூச்சம் அதனால் ஓரளவு விலகியது. வலியைப் பற்றிய கூச்சம் அப்படியே இருக்கிறது.

அந்தக் கூச்சத்தின் விலை என்ன என்பதை ஆயத்த ஆடை ஆலைகள் காட்டிவிட்டன. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழக ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகள் வேலையிடத்திலேயே கையில் கொடுக்கப்படுவதாக அவர்கள் சொன்னார்கள். வீட்டுத் தறியில் மாத்திரை நீட்டும் மேற்பார்வையாளர் கிடையாது. ஆனால் சேலைக்கு இவ்வளவு என்ற கூலிக்கணக்கு அந்த வேலையைச் செய்துவிடும். தறியை விட்டு எழுந்தால் அன்றைய நெசவு போயிற்று. மாத்திரையே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பின், ஓரிரு நாள் எடுத்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இந்த வலிக்குப் பரவலாக வாங்கப்படும் மெஃபனமிக் அமிலத்தால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்துத் தர ஆணையமே 2023 நவம்பர் இறுதியில் எச்சரித்தது. சீட்டு இல்லாமல் மாதாமாதம் வாங்கி விழுங்குவதற்கு உரிய மாத்திரை அல்ல அது.

உடற்பயிற்சிக்கு என்ன ஆதாரம்? கர்ப்பப்பையின் உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து தசையை இறுக்குகிறது. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து வலி எழுகிறது. 2019-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 12 ஆய்வுகளை, 854 பெண்களை, கணக்கில் எடுத்தது. வாரத்துக்கு மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் 45 முதல் 60 நிமிடம் பயிற்சி செய்தவர்களுக்கு, நூறு புள்ளி அளவுகோலில் வலி சுமார் 25 புள்ளி குறைந்தது. வேகமான பயிற்சியா மெதுவான யோகாவா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அடிவயிற்றில் மிதமான சூட்டு ஒத்தடம், தோல்மேல் ஒட்டி மெல்லிய மின்தூண்டல் தரும் டென்ஸ் கருவி ஆகியவையும் பலருக்கு உதவுகின்றன. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, ஆதாரத்தின் உறுதி குறைவு என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் முறையாகச் செய்தால் கெடுதல் அரிதாகவும், இதயத்துக்கும் எலும்புக்கும் வேறு நன்மைகள் உறுதியாகவும் இருக்கும் ஒன்றை முயன்று பார்க்க அவ்வளவு ஆதாரம் போதும்.

‘தறியில் நாளெல்லாம் உடம்பு வளைகிறதே, அதற்குமேல் என்ன பயிற்சி?’ என்று நெசவாளர் வீடுகளில் கேட்டால் அது நியாயமான கேள்விதான். பதில் தறியிலேயே இருக்கிறது. குழித்தறியில் உட்காருபவர் கால்களைக் குழிக்குள் இறக்கி, படமரத்தை ஒட்டி முன்னால் சாய்ந்து, கழுத்தைத் தொங்கவிட்டபடி நெய்கிறார். பாதம் மிதிக்கட்டையை அழுத்துகிறது, ஒரு கை நாடாவை விடுகிறது, மறு கை அச்சை இழுக்கிறது. இடுப்பும் அடிவயிறும் மணிக்கணக்கில் மடிந்த நிலையிலேயே கிடக்கின்றன. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலையில் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போடுகிறவருக்கு உடம்பு ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். கைகால் களைத்துப்போகிறது, ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு இதயம் துடிப்பதில்லை, இடுப்பு முழுதாக நிமிர்வதும் இல்லை. உழைப்பு என்பது வேறு, உடம்புக்குத் தேவையான அசைவு வேறு. மணிக்கொரு முறை எழுந்து இடுப்பில் கைவைத்துப் பின்னால் சாய்வது, மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுத்து வயிறு நிறைய மூச்சு விடுவது, நாளில் அரை மணி நேரம் விரைவாக நடப்பது. தொடங்குவதற்கு இவ்வளவு போதும்.

பிசிஓஎஸ் என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறில் பயிற்சியின் இடம் இன்னும் தெளிவானது. இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காதபோது ரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது, அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கவைக்கிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது. வேலை செய்யும் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே தளர்கிறது. 2023-ல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு இரண்டு நாள் தசை வலுப்படுத்தும் பயிற்சியையும் சொல்கிறது. எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு என்றும் சொல்கிறது. ‘இளைத்தால் எல்லாம் சரியாகும்’ என்று ஒரு பெண்ணைக் குறைகூறி அனுப்பிவிடுவது மருத்துவம் ஆகாது.

பேசவே கூசுகிற இன்னொன்று, பிரசவத்துக்குப் பின் இருமினால் சிறுநீர் கசிவதும் கர்ப்பப்பை இறங்குவதும். பழைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் 1981-ல் தொடங்கிய ‘ருவ்செக்’ பெண்கள் அமைப்பு கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழ்ந்த பெண்களின் அனுபவத்தைத் தொண்ணூறுகளிலேயே பதிவுசெய்தது. சிறுநீர்க் கசிவுக்கு முதல் சிகிச்சை, பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம் செய்யும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. ஆரம்பநிலை இறக்கத்திலும் அது தொந்தரவைக் குறைக்கும். முற்றிய இறக்கத்துக்கு அறுவை தேவைப்படலாம். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே, ‘எடுத்துவிடலாம்’ என்று ஒருவர் சொன்னால், ‘வேறு என்ன வழி, எடுக்காவிட்டால் என்ன ஆகும்’ என்று கேட்பதும் இரண்டாவது மருத்துவரைப் பார்ப்பதும் நோயாளியின் உரிமை.

பயிற்சியின் எல்லையையும் அதே அளவு அழுத்திச் சொல்ல வேண்டும். மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் வலி, மாத்திரைக்கும் அடங்காத வலி, ஏழு நாளுக்கு மேல் நீளும் உதிரப்போக்கு, மணிக்கொரு நாப்கின் நனைவது, உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ ரத்தம் படுவது, மூன்று மாதமாக மாதவிடாயே வராதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மகப்பேறு மருத்துவர், பிறகுதான் பயிற்சி. கர்ப்பப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோ, கர்ப்பப்பை நார்க்கட்டியோ நடைப்பயிற்சியால் மறையாது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மூச்சிரைப்பும் தலைச்சுற்றலும் உள்ளவர்கள் ஹீமோகுளோபின் பார்த்த பின்பே கடினப் பயிற்சிக்குப் போக வேண்டும். அரைவயிற்றோடு அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தால் மாதவிடாயே நின்றுபோகலாம்.

மருத்துவர் பார்க்க வேண்டிய கோளாறுக்குக் குறுக்குவழி தேடும்போதுதான் ஏமாற்று வேலையும் நுழைகிறது. மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம் மூன்றாம் பிரிவிலேயே தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை. பிசியோதெரபிஸ்டுகள் உள்ளிட்ட துணை மருத்துவத் துறையினரை நெறிப்படுத்த 2021-ல் சட்டமே வந்துவிட்டது. படிப்பு என்ன, எங்கே பதிவு என்று கேட்பதில் தவறில்லை. இடுப்புத்தளச் சோதனைக்கு முன் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். பெண் துணையைக் கூட வைத்துக்கொள்ளலாம், உள்சோதனை வேண்டாம் என்று மறுக்கலாம், பாதியில் நிறுத்தவும் சொல்லலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு தவறான சிகிச்சை தந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 104 எண்ணில் மருத்துவ ஆலோசனை இலவசம்.

மாதவிடாய் விடுப்பு கொடுத்தால் இந்த வலிக்குத் தீர்வாகாதா என்று கேட்கலாம். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது நல்லதே. சேலைக் கணக்கில் கூலி வாங்குகிற வீட்டு நெசவாளருக்கு விடுப்பு தர முதலாளி யார்? அவருக்குச் சிகிச்சை வீட்டருகே வந்தாக வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபி ஏற்கெனவே உண்டு. ஆனால் அது படுக்கையில் இருப்பவர்களையும் முடங்கியவர்களையும் மனத்தில் வைத்து அமைந்தது. அதே பிசியோதெரபிஸ்ட் மாதத்தில் ஒரு நாள் பட்டுக் கூட்டுறவுச் சங்க வளாகத்தில் உட்காரட்டும். சேலையை ஒப்படைத்துக் கூலி வாங்க வரும் பெண், கதவடைத்த ஓர் அறையில் தன் வலியைச் சொல்லி, தனக்கேற்ற பயிற்சியைக் கற்றுக்கொண்டு போகலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். சுகாதாரத் துறையும் கைத்தறித் துறையும் கலந்து ஒரு தேதி குறித்தால் போதும். சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப உறுப்பினர்களுக்கு உரிமை இருக்கிறது.