வலிக்கு ஒரு வகுப்பு

நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் பலருக்குத் தங்கள் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் மனப்பாடம். ‘எல்4-எல்5ல டிஸ்க் விலகியிருக்கு, ஜவ்வு தேஞ்சிருக்கு’ என்பார்கள். குடத்தைத் தூக்கக் குனியும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வந்து இடுப்பை இறுக்கிவிடும்.

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. 20 வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் 96 சதவீதம். படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது.

அப்படியானால் வலி எப்படி உண்டாகிறது என்பதை நோயாளியை உட்காரவைத்துப் பாடமாகவே நடத்தலாம் என்று முனைந்தவர்கள் ஆஸ்திரேலிய ஃபிசியோதெரபிஸ்ட்கள் டேவிட் பட்லரும் லோரிமர் மோஸ்லியும். 2003இல் அதற்கென்றே ஒரு புத்தகமும் எழுதினார்கள்.

பாடம் இதுதான். தோலிலும் தசையிலும் மூட்டிலும் உள்ள நரம்பு முனைகள் அனுப்புவது வலியை அல்ல. ‘இங்கே ஆபத்து இருக்கலாம்’ என்ற தகவலை மட்டுமே. தண்டுவடம் அந்தத் தகவலைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். மூளையோ பழைய அனுபவம், பயம், கெட்ட தூக்கம், டாக்டர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை எல்லாவற்றையும் அதோடு சேர்த்துப் பார்க்கிறது. பிறகுதான் நமக்கு வலிக்கிறது. மைனஸ் 20 டிகிரி குளிரில் இருந்த உலோகத்தைக் கையில் நொடிப்பொழுது வைத்து மோஸ்லி குழுவினர் சோதித்தார்கள். கூடவே சிவப்பு விளக்கு எரிந்தபோது, நீல விளக்கு எரிந்தபோதைவிட அதிகமாக வலித்தது. குளிர் என்னவோ அதேதான்.

வலி மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்டது என்று கணக்கு. அதற்குள் பெரும்பாலான காயங்கள் ஆறிவிடும். ஆனால் நரம்பு மண்டலத்தின் உஷார் நிலை தணியாமல் போகலாம். ஒருமுறை திருடன் புகுந்த வீட்டில், எலி ஓடினாலும் எல்லோரும் விழித்துக்கொள்வதைப் போல. காயத்துக்குப் பின் தண்டுவட நரம்பணுக்கள் இப்படிக் கூர்மையாகிவிடுவதை 1983லேயே ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளிடம் காட்டியிருக்கிறார். ஆகவே ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்வது அபாண்டம். வலி நிஜம். ஆனால் அது ஒவ்வொரு முறையும் புதிய சேதத்தின் செய்தி அல்ல.

‘இதெல்லாம் நோயாளிக்குப் புரியுமா?’ என்று சிகிச்சையாளர்கள் கேட்பதுண்டு. மோஸ்லி இதையும் சோதித்தார். நோயாளிகளுக்கு நன்றாகவே புரிந்தது. அவர்களைக் குறைத்து மதிப்பிட்டது சிகிச்சையாளர்கள்தான்.

பலன்? நாள்பட்ட முதுகுவலி இருந்த 57 பேரை வைத்து மோஸ்லி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பாடமும் ஃபிசியோதெரபியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு வலியும் இயலாமையும் குறைந்தன. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்தது. ஆனால் புதிதாக முதுகுவலி வந்த 202 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வேறு கதை சொன்னது. ஒரு பிரிவுக்குத் தலா ஒரு மணி நேரம் இரண்டு வகுப்புகள். மறு பிரிவினர் சொன்னதைச் சிகிச்சையாளர்கள் அதே அளவு நேரம் காதுகொடுத்துக் கேட்டதோடு சரி. மூன்று மாதத்தில் இரு பிரிவினரின் வலியிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை!

என் பார்வையில், பாடம் தனியாக வலியைப் பெரிதாகக் குறைத்துவிடாது. ‘குனிந்தால் முதுகு உடைந்துவிடாது’ என்ற தைரியத்தைத் தருவதே அதன் வேலை. அந்தத் தைரியத்தில் இன்று ஐந்து நிமிடம், அடுத்த வாரம் ஏழு நிமிடம் என்று நடையைக் கூட்டினால்தான் உஷார் நிலை மெல்லத் தளரும். பாடம் கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டால் பயனில்லை.

சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, கால் பலமிழப்பது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை முதுகுவலியோடு சேர்ந்து வந்தால் பாடத்துக்கு நேரமில்லை. உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மற்றவர்கள், அடுத்த முறை ஃபிசியோதெரபிக்குப் போகும்போது கரண்ட் வைத்துக்கொண்டு மட்டும் திரும்பாதீர்கள். ‘என் வலி ஏன் நீடிக்கிறது, நான் எதைப் பயமில்லாமல் செய்யலாம்?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் ஒதுக்குபவரிடம் சிகிச்சையைத் தொடருங்கள்.