அமிலமும் பல்லின் எனாமலும்

ரப்பர்த் தோட்டங்களில் வாழ்வோருக்கு அமிலத்தின் ஆற்றலை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நீர் கலந்த பார்மிக் அமிலத்தைத் தொட்டிப் பாலில் ஊற்றியதும் பால் உறைந்து கட்டியாவதைப் பலரும் கண்டிருப்பர். ரப்பர்த் துகள்களைப் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. அப்படலத்தின் எதிர் மின்னூட்டமே துகள்களை ஒன்றையொன்று அண்டவிடாமல் விலக்கி வைக்கிறது. அமிலம் அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிடுவதால் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

பல்லை மூடிக் காக்கும் எனாமலும் புரதத்தின் துணையோடுதான் உருவாகிறது. ஆனால், அங்கே அமிலம் நேர்மாறாக நடந்துகொள்கிறது; புரதத்தை உறைய வைப்பதில்லை, கரைத்துவிடுகிறது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் என்ன? அமிலத் தன்மையைப் பி.எச். என்னும் அளவால் குறிப்பர். தூய நீருக்கு அது 7; எண் குறையக் குறைய அமிலம் மிகும். ஒவ்வொரு புரதத்திலும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமமாகும் ஒரு நிலை உண்டு. அந்நிலையில் புரதம் எளிதில் கரையாது, திரண்டு நிற்கும். ரப்பர்ப் பால் பி.எச். 5ஐ ஒட்டி இறங்கும்போது உறைகிறது. எனாமலை உருவாக்கும் முதன்மைப் புரதமான அமெலோஜெனினோ 7ஐ ஒட்டிய நிலையில்தான் நுண்ணுருண்டைகளாகத் திரள்கிறது. அமிலம் மிகுந்தால் அதன் மூலக்கூறுகள் யாவும் நேர் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளிக் கரைந்துபோகின்றன.

பல் ஈறுக்குள் வளரும்போது இப்புரதம் சாரம் போல நின்று கனிமப் படிகங்களை ஒழுங்குபடுத்துகிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அதனைத் துண்டாக்க, உடல் அத்துண்டுகளை அகற்றிவிடுகிறது. அகலாமல் தங்கினால் எனாமல் மென்மையாகவே நின்றுவிடும். முதிர்ந்த எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமே. புரதம் 1 விழுக்காட்டளவே எஞ்சும்.

ஆகவே, வளர்ந்த பல்லில் அமிலம் முதலில் தாக்குவது கனிமத்தைத்தான். வாயில் பி.எச். சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். மங்கில் விட்ட பால் அமிலம் ஊற்றாமலே கட்டியாவது ஏன்? நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. நம் வாயிலும் இதுவே நிகழ்கிறது. இனிப்புத் தேநீர் அருந்திய சில நிமிடங்களில் பி.எச். இறங்கிவிடும், உமிழ்நீர் அதனை மீட்க அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இடையிடையே தேநீரும் மிட்டாயும் தொடர்ந்தால் உமிழ்நீருக்கு ஓய்வேது? கெட்டிப்பால் கலந்த புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடுவது மிகவும் கேடானது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கிறது.

புளிப்பு மாங்காய், ஆசாம் போன்றவை நேரடியாகவே அமிலம் தருவன. அவற்றை உண்டவுடன் பல் துலக்கினால் மென்மையான எனாமல் தேய்ந்துபோகும். நீரால் வாயைக் கொப்பளித்து, அரைமணி கழித்துத் துலக்குவதே நன்று. புளோரைடு கலந்த பற்பசை படிகங்களுக்கு வலுவூட்டுகிறது. புளோரைடு சேர்ந்த படிகம் சுமார் 4.5 வரை தாக்குப்பிடிக்கும்.

பெற்றோர் சிலர், "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்று வாளாவிருப்பர். ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் முதல் கடைவாய்ப் பல் முளைக்கிறது. அது நிலையான பல். இழந்தால் மீண்டும் முளைக்காது. முளைத்த புதிதில் அதன் எனாமல் முழுமையாக முதிர்ந்திராததால் அமிலத்திற்கு எளிதில் இரையாகும். ஆறு வயதுக் குழந்தையின் வாயை வெளிச்சத்தில் திறந்து, கடைசிப் பல்லில் வெண்புள்ளியோ கருங்குழியோ தென்படுகிறதா என்று பாருங்கள். தென்பட்டால், வலி வரும்வரை காத்திராமல் பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவினரிடம் காட்டுங்கள்.