பழைய குற்றிக்காசு: விலை கேட்பதற்கு முன் வகை கேளுங்கள்

வன்னியிலிருந்தும் தீவுப்பகுதியிலிருந்தும் பழைய குற்றிக்காசுகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுபவர்கள் அதிகம். பால்மா ரின்னுக்குள் இருக்கும், அல்லது துணியில் முடிந்திருக்கும். காணி உறுதியும் கல்யாணப் படங்களும் இடப்பெயர்வில் தொலைந்த வீடுகளில்கூட இவை தப்பியிருக்கின்றன. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு எவ்வளவு வரும்?"

அதற்கு முன்னர் கேட்கவேண்டியது, "இது எந்தக் காசு?" என்பது. இதற்குப் பதில் தெரியாதவர்களிடம் இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கிப் போவார். மற்றவர் இணையத்தில், "இந்த ஒரு காசுக்கு இலட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்பார். பணம் அனுப்பிய பின் அவரைப் பிடிக்க முடியாது. உண்மையாக வாங்குபவர் விற்பவரிடம் கட்டணம் கேட்பதில்லை.

சேகரிப்பாளர்கள் ஒரு காசை எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்பதை எங்கள் நாட்டுக் காசுகளை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் நாடு, பெறுமதி, ஆண்டு. இலங்கையில் ரூபாவும் சதமும் கொண்ட முறை 1872 இல் நடைமுறைக்கு வந்தது. 1870 எனத் திகதியிட்ட செப்புச் சதக் காசிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. ஆனால் காசில் உள்ள ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியாக வெளியிட்ட 10 ரூபாக் காசுகள் எல்லாவற்றிலும் ஆண்டு 2013 தான். பெறுமதியும் ஒன்று, அளவும் ஒன்று. சேகரிப்பாளரின் பட்டியலிலோ அவை 25 தனிக் காசுகள். புலம்பெயர்ந்த பலர் தங்கள் மாவட்டத்துக் காசைத் தேடுகிறார்கள். அந்தத் தேடலுக்குக் காரணம் ஊர்ப் பாசம். அதை அருமைக்குச் சான்றாக எடுக்கக்கூடாது.

அடுத்தது உலோகமும் தடிப்பும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலோகங்கள் மாற்றப்பட்டன. வெள்ளியில் இருந்த 10 சதம் 1944 இல் நெளிவிளிம்புள்ள நிக்கல் பித்தளைக் காசாக மாறியது. சதுரமான 5 சதமும் நிக்கல் பித்தளைக்கு மாறி, 1944 இல் இன்னும் மெல்லியதாக வந்தது. அண்மைக் காலத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 1984 இல் வந்த தடித்த 5 ரூபா நிக்கல் பித்தளை. 2005 இலிருந்து வந்தது பித்தளை முலாம் பூசிய உருக்கு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காந்தத்தைப் பிடித்தால் பிந்தியது ஒட்டும், முந்தியது ஒட்டாது.

இந்த வேறுபாடுகளை உலகம் முழுவதும் ஒரே விதமாகக் குறிக்கத்தான் பட்டியல் எண்கள் இருக்கின்றன. செஸ்டர் கிராஸ், கிளிஃபர்ட் மிஷ்லர் ஆகிய இரு அமெரிக்கர்களின் உலக நாணயப் பட்டியல் 1972 இல் முதலில் வெளிவந்தது. அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் 'கே.எம்.' எண் என்று அது வழங்கப்படுகிறது. வடிவம் அப்படியே இருக்க உலோகம் மாறினால் எண்ணுக்குப் பின்னால் 'ஏ', 'பி' என்ற எழுத்து வரும். தடிப்பு போன்ற சிறு மாற்றத்துக்குப் புள்ளியிட்டு 1, 2 என்று சேர்ப்பார்கள். கொழும்பில் இருப்பவரும் கனடாவில் இருப்பவரும் அந்த எண்ணைச் சொன்னால் ஒரே காசைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது உறுதி.

அருமை என்பது வேறு கணக்கு. எத்தனை அடிக்கப்பட்டன என்பதைவிட எத்தனை எஞ்சின என்பதே முக்கியம். அமெரிக்காவில் 1933 எனத் திகதியிட்ட 20 டொலர் தங்கக் காசு 445,500 அடிக்கப்பட்டது. ஏறக்குறைய எல்லாமே உருக்கப்பட்டன. தப்பியவற்றுள் ஒன்று 2021 இல் 1 கோடி 80 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. வேறு சில காசுகள் அச்சுப் பிழையால் அருமையாகின்றன. பிரித்தானியாவில் 2008 இல் 20 பென்ஸ் காசின் வடிவம் மாறியபோது, ஆண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டது. பழைய ஒரு பக்க அச்சும் புதிய மறுபக்க அச்சும் தவறுதலாகச் சேர்ந்ததால் ஆண்டே இல்லாத காசுகள் வெளிவந்தன. இது அச்சுச்சாலையில் நடந்த பிழை. புழக்கத்தில் நசுங்கியதையும் வெட்டுப்பட்டதையும் 'பிழைக்காசு' என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். கவனம்.

கடைசியாக, நிலை. 1949 இல் வில்லியம் ஷெல்டன் அமைத்த அளவுகோலை ஒட்டி 1 முதல் 70 வரை புள்ளி கொடுப்பார்கள். ஒரே ஆண்டு, ஒரே வகைக் காசு இரண்டு, நிலை வேறுபட்டால் பல மடங்கு விலை வேறுபடும். எனவே விளக்குத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுக் காசைத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மேற்பரப்பு போய்விடும். போன மேற்பரப்பு திரும்பி வராது.

வீட்டில் காசுகள் இருந்தால் ஒரு கொப்பியை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெறுமதி, ஆண்டு, எடை, விட்டம், விளிம்பு, காந்தத்தில் ஒட்டுமா என்பதை எழுதுங்கள். இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொன்றையும் தனிக் கடதாசி உறையில் வையுங்கள். பிவிசி உறைகள் நாளடைவில் காசில் பச்சைப் படிவை உண்டாக்கும். மன்னர் காலத்துச் 'சேது' காசு போன்ற மிகப் பழையது காணியைக் கிண்டும்போது கிடைத்தால் விற்க முயலாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவற்றுக்குச் சட்டம் வேறு.

கொப்பியில் இன்னொரு நிரலும் போடுங்கள்: யாருடையது, எங்கே வைத்திருந்தது, எந்த இடப்பெயர்வில் யார் கொண்டுவந்தது. எந்தப் பட்டியலிலும் இந்த விபரம் இல்லை, வீட்டில் உள்ள மூத்தவர்களுக்குத்தான் தெரியும். நான் பார்த்த பெரும்பாலான ரின்களில் இருந்தவை சில நூறு ரூபாவுக்கு மேல் போகாத சாதாரணக் காசுகள். ஆனால் அம்மம்மா முடிச்சில் கட்டி மாத்தளன் வரை கொண்டுபோன 50 சதத்துக்கு அந்த ஒரு வரிதான் பெறுமதி. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.