லயத்து வாசலில் விரியும் ஏடு

பரீட்சைக்காகப் படிப்பதும் உத்தியோகத்துக்காகப் படிப்பதும் ஒருபுறம் இருக்கட்டும். ஒருவரும் வற்புறுத்தாமல், வேலை முடிந்த மாலையில் தானே விரும்பி ஒரு நூலைக் கையிலெடுப்பவர்க்கு அதில் கிட்டும் இன்பம் யாது? சப்பிரகமுவ மாகாணத்து எம்பிலிப்பிட்டியவுக்குச் சென்று திரும்பும் வழியில் இக்கேள்விக்கு நாம் ஒரு விடை கண்டோம்.

எம்பிலிப்பிட்டிய வயல் சூழ்ந்த வெப்பமான பட்டினம். வைக்கோலிலிருந்து காகிதம் செய்யும் ஆலையொன்று 1970களின் பிற்பகுதியில் அங்கே எழுந்தது. பட்டினத்துக்கு வடமேற்கே, காவத்தை, இறக்குவானைப் பக்கம் ஏறினால் இறப்பரும் தேயிலையும் தொடங்கிவிடும். லயங்களும் தமிழ்க் குடும்பங்களும் அங்கேதான். கீழே காகிதம் செய்யப்பட்ட காலத்திலும் மேலே புத்தகம் அரும்பொருளாகவே இருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்கு முன்னர் பலருடைய கல்வி ஆரம்ப வகுப்புகளோடு முடிந்துபோயிற்று. லயத்துக்கு ஒரு பத்திரிகை வந்தால், எழுத்தறிந்த ஒருவர் படிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்பர்.

அவ்வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி லயத்து வாசலில் அமர்ந்து ஒரு நூலின் நிழற்பிரதியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அது. அருகே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பாயி எழுத்தறியாதவர். ஒரு பாட்டு பாதியில் இருக்கையில் அவர் கையமர்த்தி, “நிப்பாட்டு பிள்ளை, மிச்சத்த நான் சொல்றேன்” என்றார்; சொல்லியும் முடித்தார். ஏட்டில் இருந்ததற்கும் அவர் பாடியதற்கும் இரண்டொரு சொற்களே வேறுபட்டன.

“அப்பாயி, புத்தகத்துல இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று வியந்தாள் மாணவி.

“எங்க பாட்டு புத்தகத்துக்குள்ள எப்படிப் போச்சுன்னு கேளு!” என்றார் மூதாட்டி.

நாம் தேடிய விடை அதுவே. மன்னர் கதைகளையும் மக்கள் விரும்பிப் படிக்கின்றனர். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை இன்றும் கையிலெடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை. அது தன்னை மறக்கும் இன்பம். மூதாட்டி பெற்றதோ தன்னைக் காணும் இன்பம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, செக்ரோலில் மட்டுமே பெயர் பதியப்பெற்ற ஒரு சமூகத்துக்கு, அச்செழுத்தில் தன் முகத்தைக் காண்பது சிறிய காரியமன்று.

அம்முகத்தைக் காட்டிய நூல்கள் சிலவுண்டு. தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாயிலிருந்த பாடல்களைத் தேடிச் சேர்த்தார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்த நாவல்; செழிப்பை நம்பிக் கடல் கடந்தோர் கண்டது என்ன என்பதை அதன் தலைப்பே உணர்த்திவிடும். தாம் படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவலை 1974இல் அளித்தார். பெரட்டுக் களமும் கொழுந்துக் கூடையும் இவற்றிலே கதையின் நடுவே நிற்கின்றன. தம் வீட்டுச் சொல்லை நூலில் காணும் பிள்ளை, அச்சொல்லைப் பேச நாணுவதில்லை.

ஆயினும் அந்த நிழற்பிரதி நம் மனத்தை உறுத்தியது. இத்தகைய நூல்கள் கடைகளில் எளிதில் கிட்டுவதில்லை. 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் இலங்கைத் தமிழ் ஏடுகள் பலவற்றைக் காத்து வருகின்றது. மாணவர்கள் கைத்தொலைபேசியிலேயே அவற்றைப் படிக்கலாம். அச்சேறாத பாடல்களை எந்த நூலகத்தில் தேடுவது? அவை மூதாட்டியரின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன.

நாம் விடைபெற்றபோது அம்மாணவி, மூதாட்டி மாற்றிப் பாடிய சொற்களை ஏட்டின் ஓரத்திலே பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டிலும் ஓர் ஏடும் ஒரு பென்சிலும் இருக்கும். பாட்டி இருக்கும்போதே அவற்றை எடுங்கள்.