ஏரி எண்ணாத மீன்கள்

2020 டிசம்பர் 31, வியாழக்கிழமை அன்று, ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் என்ற பண்ணை ஆட்டம் மூடப்பட்டது. அது மூடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான்கு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் படித்தபின் அந்த நான்கு வரி குழப்பத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை என்று தெரிகிறது. பாதிப் பேர், எந்த ஃபார்ம்வில் என்று கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே ஸ்டார்டியூ வேலி என்ற இன்னொரு பண்ணை ஆட்டத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டவர்கள். அவர்களுடைய கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன: அந்த ஆட்டத்தின் மலையடி ஏரி. அங்கே மீன் சிக்கவில்லை.

"இலையுதிர் காலம் 28 நாளும் கரையிலேயே நின்றேன். ஸ்டர்ஜன் மீன் ஒன்றுகூட வரவில்லை. ஏரியில் தீர்ந்துபோய்விட்டதா?" என்று பெங்களூரு ஹலசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருக்கான பதில் ஒரு வரிதான். ஆனால் அந்தக் கேள்வியில் இருக்கும் "தீர்ந்துபோய்விட்டதா" என்ற சொல் என்னை இரண்டு நாள் விடவில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

எது மூடப்பட்டது?

2009 ஜூனில் தொடங்கிய மூல ஃபார்ம்வில் மட்டும். செல்பேசியில் உள்ள ஃபார்ம்வில் 2: கன்ட்ரி எஸ்கேப், டிராபிக் எஸ்கேப் ஆகியவை அப்போது தொடர்ந்தன, ஃபார்ம்வில் 3 பின்னர் வந்தது. மூல ஆட்டத்துக்குள் பணம் கட்டும் வசதி 2020 நவம்பர் 17-ம் தேதியோடு நிறுத்தப்பட்டது.

அடோபி ஃபிளாஷ் தொழில்நுட்பம் அந்த டிசம்பரோடு முடிவதால் மூடுகிறோம் என்பது ஆட்டத்தை நடத்திய ஸிங்கா நிறுவனம் சொன்ன காரணம். அது பொய்யில்லை. ஆனால் ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அடோபி அறிவித்தது 2017-ல். ஒரு பண்ணையை வேறு தொழில்நுட்பத்துக்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்திருந்தால் மூன்று ஆண்டு சிறிய அவகாசமல்ல. 2010-ல் மாதம் 8 கோடிப் பேருக்கு மேல் இங்கே விதைத்து அறுத்தார்கள். அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. கலைந்த கூட்டத்துக்காக யாரும் புதுக் கட்டடம் கட்டுவதில்லை. "தொழில்நுட்பக் காரணம்" என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, அதற்குப் பின்னால் ஒரு வரவு செலவுக் கணக்கும் இருக்கும் என்றே நான் படிக்கிறேன்.

ஸ்டர்ஜன் ஏன் வரவில்லை?

அது கோடையிலும் குளிர்காலத்திலும் மட்டுமே வரும், காலை 6 மணியிலிருந்து இரவு 7 மணிவரை. அம்மா, நீங்கள் நின்ற 28 நாளும் தவறான பருவம். குளிர்காலம் முதல் தேதி காலையில் போய் நில்லுங்கள்.

ஆட்டத்தில் வரும் சமுதாயக் கூடத்துக்கு ஏரி மீன் தொகுப்பை முடிக்க வேண்டியவர்களுக்கு நான்கு மீன் தேவை: லார்ஜ்மவுத் பாஸ், கெண்டை, புல்ஹெட், ஸ்டர்ஜன். கெண்டை இந்த ஏரியில் குளிர்காலத்தில் வராது. பாஸ் எல்லாப் பருவத்திலும் வரும், ஆனால் இரவு 7 மணியோடு சரி. புல்ஹெட்டுக்கு நேரம் காலம் இல்லை. ஆகவே எளிய வழி, கோடையிலேயே நான்கையும் முடித்துவிடுவது. 2020 டிசம்பர் 21-ம் தேதி கணினிக்கு வந்த 1.5 பதிப்பில் புது ஆட்டம் தொடங்குபவர்கள் தொகுப்புகளை மாற்றிக் கலக்கும் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால், இந்தப் பட்டியல் அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

மீன் கைக்கு வராமல் நழுவுகிறது என்பவர்களுக்கு: கெண்டையின் கடினம் ஆட்டத்தின் கணக்கில் 15, பாஸ் 50, ஸ்டர்ஜன் 78. கெண்டையில் கை பழகி, மீன்பிடி நிலை உயர்ந்து, மீனை அடக்கும் பச்சைப் பட்டை நீண்ட பிறகு ஸ்டர்ஜனுக்குப் போங்கள். தொடக்கத்தில் உங்கள் தெம்பு 270. ஒவ்வொரு வீச்சும் அதில் 8-ஐத் தின்னும். அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 33 வீச்சு. அதை விதைப்புக்கும் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் பங்கிட வேண்டும் என்பதால், மழை நாளை ஏரிக்கு ஒதுக்குங்கள். அன்று வானமே பாய்ச்சிவிடும்.

தக்கை கரையிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு நல்லது. 5 கட்டம் தாண்டினால் அதுவே உச்சம். அதற்கு மேல் வீசி ஆதாயமில்லை. நீரில் குமிழி எழும் இடம் தெரிந்தால் வேறெதையும் யோசிக்காமல் அங்கே போடுங்கள். அங்கே கடி சீக்கிரம் விழும்.

ஏரிக்குள் என்ன இருக்கிறது?

இங்கேதான் நான் நிற்க விரும்புகிறேன்.

ஏரிக்குள் ஒன்றும் இல்லை. நீங்கள் தூண்டில் போட்டுக் காத்திருக்கும்போது நீருக்கடியில் எந்த மீனும் உங்கள் இரையை நோக்கி வருவதில்லை. தக்கை அமிழ்ந்து நீங்கள் சுண்டி இழுக்கும் அந்தக் கணத்தில்தான் ஆட்டம் ஒரு பட்டியலை எடுக்கிறது. இந்த இடம், இந்தப் பருவம், இந்த நேரம், இந்த வானிலை. இவற்றுக்குப் பொருந்தும் மீன்களைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றாகச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறது. ஒரு மீனின் பெயர் வந்தால் அந்த மீன் அப்போது பிறக்கிறது. எதுவும் வராவிட்டால் குப்பை வருகிறது. தூரமும் உங்கள் நிலையும் சீட்டின் கனத்தைக் கொஞ்சம் மாற்றும். அவ்வளவுதான்.

இதன் பொருள் என்னவென்றால், நேற்று நீங்கள் 30 மீன் பிடித்தீர்கள் என்பது இன்றைய ஏரிக்குத் தெரியாது. பத்து ஆண்டு ஒரே கரையில் நின்று வாரினாலும் பதினோராம் ஆண்டு முதல் நாள் அதே ஏரி, அதே வாய்ப்பு. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்து 2016-ல் வெளியிட்ட ஆட்டம் இது. ஒரு தனி மனிதர் எழுதும் நிரலில் இது எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஒரு ஏரி முழுவதையும் உயிரோடு வைத்திருக்காமல், கேட்கும்போது மட்டும் ஒரு மீனை உண்டாக்குகிறார். ஆட்டக்காரருக்கோ ஏரி நிறைந்திருப்பதாகவே தோன்றுகிறது.

ஆனால் அதே ஆட்டத்தில், 2019 நவம்பரில் வந்த 1.4 பதிப்பு மீன் குளத்தைச் சேர்த்தது. 5,000 காசும் 200 கல்லும் கொஞ்சம் பாசியும் கொடுத்தால் ஆட்டத்தின் தச்சர் ராபின் உங்கள் நிலத்தில் கட்டித் தருவார். அந்தக் குளத்தைத் தொட்டுப் பாருங்கள்: எத்தனை மீன் இருக்கிறது, எத்தனை இருக்கலாம் என்று காட்டும். 10-க்கு மேல் போகாது. மீன்கள் இன்னது வேண்டும் என்று கேட்கும். கொடுத்தால்தான் அடுத்த குஞ்சுக்கு இடம். ஸ்டர்ஜன் விட்டால் சினை தரும், அதை ஜாடியில் போட்டால் கேவியர்.

உங்கள் பெயரில் இருக்கும் குளத்தில் ஒவ்வொரு மீனுக்கும் கணக்கு உண்டு. ஊருக்குப் பொதுவான ஏரிக்குக் கணக்கே இல்லை. இதை யாரும் தீய நோக்கத்தோடு செய்யவில்லை. ஆட்டம் ஆடச் சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆனாலும் அந்த வடிவம் எனக்கு மிகவும் பழக்கமானதாகத் தெரிந்தது. நாம் பெங்களூருவின் ஏரிகளை நடத்துவதும் இப்படித்தான்.

ஹலசூர் ஏரிக்குக் கணக்கு உண்டா?

2016 மார்ச்சில் ஹலசூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கரையில் நடந்துபோனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைவு என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். அது எப்படிப்பட்ட விளக்கம் என்று பாருங்கள். மூச்சு நின்றதால் இறந்தார் என்பதைப் போன்றது அது. ஏன் நின்றது என்பதுதானே கேள்வி? கழிவுநீர் வருகிறது, அதிலுள்ள சத்தைத் தின்று பாசி பெருகுகிறது, பகலில் பாசி ஆக்சிஜன் தருகிறது, இரவில் மீனோடு போட்டியிட்டுத் தானும் இழுத்துக்கொள்கிறது. விடியலுக்கு முன் நீரில் மூச்சு மிகக் குறைவு. மார்ச் மாதத்துச் சூட்டில் நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனும் குறைவு. இது ஒரே இரவில் நடந்த விபத்தல்ல. பல ஆண்டு உள்ளே வந்ததையெல்லாம் ஏரி கணக்கு வைத்திருந்து, ஒரு விடியற்காலையில் எடுத்துக் காட்டியது. பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றிப் புகைந்ததும் அதே கணக்கின் இன்னொரு பக்கம்.

ஏரியில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போகிறது. நம் பக்கத்தில் மீன்பாசிக் குத்தகை என்பார்கள். குத்தகைதாரர் தான் விட்ட கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளுக்குக் கணக்கு வைத்திருப்பார். வைத்தாக வேண்டும், அது அவர் பிழைப்பு. அவர் விடாத சின்னக் கெண்டைக்கும், அதை நம்பி வரும் நீர்க்காகத்துக்கும், உள்ளே விழும் சாக்கடைக்கும் யார் கணக்கு? "புனரமைப்பு" என்ற சொல்லை இப்போது எல்லா அறிக்கையிலும் பார்க்கிறோம். பெரும்பாலும் அதற்கு நடைமுறைப் பொருள் தூர்வாருதல், வேலி, நடைபாதை, விளக்குக் கம்பம். கழிவுநீர் வரும் வாய் அடைபட்டதா என்று கேட்காமல் அந்தச் சொல்லை ஏற்காதீர்கள்.

கணக்கு வைக்கும் வழி நமக்குத் தெரியாததல்ல. மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாசனத்துக்குப் போய்க் கண்மாய் வற்றும் காலம்வரை ஊரில் யாரும் இறங்க மாட்டார்கள். குறித்த நாளில் பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். விரால் கிடைத்தவரும் கெளுத்தி கிடைத்தவரும் வெறுங்கையோடு ஏறியவரும் உண்டு. அன்று முடிந்தால் அடுத்த மழைவரை முடிந்தது. யாரும் மீனை எண்ணுவதில்லை. ஆனால் நாளை எண்ணுகிறார்கள். ஏரிக்கு எப்போது ஓய்வு என்பதை ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. அந்த ஞாபகம்தான் நிரலிலும் இல்லை, நம் நகரத்திலும் இல்லை.

இதைச் சொல்லும்போது பெங்களூருவின் இன்னொரு கதையும் நினைவுக்கு வருகிறது. ஸிங்காவின் இந்தியக் கிளை 2010-ல் இங்கே தொடங்கியது. அதற்குத் தலைமை வகித்த ஷான் கடவில், பின்னர் மேத்யூ ஜோசப்புடன் சேர்ந்து ஃப்ரெஷ் டு ஹோமைத் தொடங்கினார். திரையில் விளைச்சல் விற்ற நிறுவனத்திலிருந்து வந்தவர் நிஜ மீனை வீட்டு வாசலுக்கு அனுப்புகிறார். மீனவர்கள் செயலி வழியாக விலை கேட்டு விற்கலாம். நடுவில் பல கை மாறுவதில்லை என்பது அவர்கள் சொல்வது. 2020 அக்டோபரில் 12 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டினார்கள். மீனவருக்கு நல்ல விலை கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் எந்த மீன் செயலியாக இருந்தாலும், அதைத் திறக்கும்போது நம் கண்ணுக்குத் தெரிவது விலையும் கிலோவும் மட்டுமே. அந்த மீன் வந்த நீரில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதற்குத் திரையில் இடம் ஒதுக்கப்படவில்லை. கைபேசியில் ஏரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நிஜ நீரும் கேட்கும்போதெல்லாம் மீன் பிறக்கும் இடமாகத் தோன்றிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மற்றக் கேள்விகள்

*ஃபார்ம்வில் பண்ணையை ஸ்டார்டியூவுக்குக் கொண்டுபோகலாமா?* முடியாது.

*மூங்கில் தூண்டிலில் இரை மாட்ட முடியவில்லையே?* அதில் முடியாது. 1,800 காசுக் கண்ணாடியிழைத் தூண்டில் வேண்டும்.

*மிதவை, முள் போன்ற சாமான்கள் எதில் மாட்டும்?* 7,500 காசு இரிடியம் தூண்டிலில்.

*மீனோடு மல்லுக்கட்டும்போது நேரம் ஓடுமா?* தனியாக ஆடினால் ஓடாது. கடிக்குக் காத்திருக்கும்போது ஓடும்.

*ஐந்தாம் நிலையில் எந்தத் தொழில்?* மீனை விற்பவர் என்றால் மீனவர். விலை 25 விழுக்காடு கூடும்.

*1.5 பதிப்பு செல்பேசிக்கு வந்துவிட்டதா?* வந்துவிட்டது.

*ஹலசூர் ஏரியில் தூண்டில் போடலாமா?* குத்தகைக்கு விட்ட ஏரியில் அனுமதியின்றிப் போடக் கூடாது. சாக்கடை கலக்கும் ஏரி மீனை வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கவும் கூடாது.

*லெஜண்ட் என்ற மீன் எப்போது வரும்?* வசந்தத்தில், மழை நாளில், மீன்பிடி நிலை 10 ஆன பிறகு, மலையடி ஏரியில். விலை 5,000 காசு.

*அதைத் தவறவிட்டால்?* மறுபடி வரும். பிடித்துவிட்டால்தான் வராது. அந்த ஏரி எண்ணி வைத்திருக்கும் ஒரே மீன் அது. எனவே என் ஆட்டத்தில் அதை ஏரியிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.